கழுந்தும் ஆப்பும் வெளியே தெரியட்டும்: ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் முறையில் ஓக் பெஞ்ச் செய்யும் வழி

நேர்கோடுகள், கனத்த சட்டங்கள், கரும்பழுப்பு நிறம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் கைவேலையை முன்னிறுத்தி எழுந்த ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கத்தின் பாணி என்றால் கடைகளில் கிடைப்பது இவ்வளவுதான். மரத்தூள் பலகைமேல் ஓக் ரேகை அச்சிட்ட காகிதத்தை ஒட்டினால்கூட இந்த மூன்றும் வந்துவிடும். ஆனால் அந்த இயக்கத்துக்காரர்கள் எதை எதிர்த்துக் கிளம்பினார்களோ அதுதான் அந்தக் காகிதம்.

1849-இல் ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கட்டடக்கலையில் மூன்று ஏமாற்றுகளைச் சுட்டிக்காட்டினார்: பாரம் தாங்காத ஒன்றைத் தாங்குவதுபோல் காட்டுவது, ஒரு பொருளின்மேல் வேறொரு பொருளின் தோற்றத்தைத் தீட்டுவது, இயந்திரத்தில் வார்த்த அலங்காரத்தைக் கைவேலையாகக் காட்டுவது. 1861-இல் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் தொடங்கிய நிறுவனமும், 1893-இல் லண்டனை விட்டு இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்த எர்னஸ்ட் கிம்சனும் பார்ன்ஸ்லி சகோதரர்களும், 1901 முதல் நியூயார்க் மாநிலத்திலிருந்து தன் பட்டறையோடு பத்திரிகையும் நடத்திய கஸ்டாவ் ஸ்டிக்லியும் அந்த எண்ணத்தை மேசை நாற்காலிகளுக்குக் கொண்டுவந்தார்கள். பட்டறைக்குள் அது ஒரே கேள்வியாகச் சுருங்கும்: கண்ணில் படும் இந்த உறுப்பை எடுத்துவிட்டால் பெஞ்ச் பலவீனமாகுமா? ஆகாது என்றால் அது அங்கே இருக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்திலேயே மலிவுத் தயாரிப்பாளர்கள் உள்ளே மரக்குச்சி வைத்து ஒட்டிவிட்டு, வெளியே கழுந்து (ஒரு மரத்தின் முனையை மற்றொன்றின் துளைக்குள் நுழையும்படி செதுக்கிய நாக்கு) நுனிபோல் ஒரு கட்டையை ஒட்டி விற்றார்கள். கீழே சொல்லியிருக்கும் பெஞ்சில் வெளியே தெரியும் ஒவ்வொரு கழுந்தும் பலகையை ஊடுருவி வருவது. ஒவ்வொரு ஆப்பும் ஒரு பலகையை இழுத்துப் பிடிப்பது.

மரம்

வெள்ளை ஓக் வாங்குங்கள். சிவப்பு ஓக்கும் பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் அதில் டானின் (மரத்தில் இயல்பாக உள்ள துவர்ப்புப் பொருள்) குறைவு, கடைசியில் நிறமேற்றக் காட்டப்போகும் அம்மோனியா ஆவிக்குச் சரியாக நிறம் ஏறாது, ஏறினாலும் பச்சை கலந்த மங்கலாகவே நிற்கும். அடையாளம் காண, பலகையின் வெட்டுமுகத்தை உளியால் சுத்தமாகச் சீவிப் பாருங்கள். வெள்ளை ஓக்கில் வைரப் பகுதியின் (மரத்தின் முற்றிய உட்பகுதி) துளைகள் அடைபட்டிருக்கும். சிவப்பு ஓக்கில் திறந்திருக்கும். சிவப்பு ஓக் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும்.

அடுத்து, பலகை அறுத்த விதம். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக, 60 முதல் 90 பாகைக்குள், நிற்கும்படி அறுத்ததை குவார்ட்டர் சான் என்று கேட்டு வாங்க வேண்டும். இந்த அறுப்பில்தான் ஓக்கின் ஆரக்கதிர்கள் பட்டுநூல்போல் மினுங்கும் பட்டைகளாக முகத்தில் தெரியும். தனியாக அலங்காரம் செதுக்காமலே இந்தப் பாணி அழகாக இருப்பதற்கு அந்தப் பட்டைகளே காரணம். அழகைவிடப் பெரிய ஆதாயமும் உண்டு. வெள்ளை ஓக்கின் ஈரம் 1 சதவீதம் மாறினால் சாதாரணமாக அறுத்த பலகை அகலத்தில் 0.00365 பங்கு அசையும். ஆரவாட்டில், அதாவது குவார்ட்டர் சான் முறையில், அறுத்தது 0.0018 பங்குதான். 330 மி.மீ. அகலப் பலகைக்கு, ஈரம் 7-லிருந்து 11 சதவீதம் ஆனால், முன்னதில் 4.8 மி.மீ., பின்னதில் 2.4 மி.மீ. வளைவதும் கோணுவதும் குறையும்.

வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி மரம், துளியும் இருக்கக்கூடாது. வெட்டிய உடனே வெளிறும் வைரமும் ஒன்றுபோலவே தெரியலாம். ஆவி காட்டிய பிறகு வெளிறு மட்டும் வெள்ளைக் கோடாக நின்றுவிடும். வாங்கும்போதே ஓரங்களைப் பார்த்து, வெளிறை அறுத்துத் தள்ளிய பிறகு எவ்வளவு அகலம் மிஞ்சும் என்று கணக்குப் போடுங்கள். முடிந்தால் எல்லாப் பலகையும் ஒரே மரத்திலிருந்து வந்ததாக இருக்கட்டும், ஏனென்றால் மரத்துக்கு மரம் டானின் அளவு மாறும்.

பெஞ்ச் வேலைக்குத் தேவைப்படாவிட்டாலும் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சதுரக் கால் வைத்து மேசை செய்பவர்களுக்கு ஒரு சிக்கல் வரும்: ஒரே கட்டையில் இரண்டு முகங்களில்தான் கதிர்ப்பட்டை தெரியும், மற்ற இரண்டும் வெறுமையாக இருக்கும். கஸ்டாவ் ஸ்டிக்லியின் பட்டறை அந்த இரண்டு முகங்களிலும் மெல்லிய ஓக் தகடு ஒட்டியது. அவருடைய தம்பிகள் லியோபோல்டும் ஜான் ஜார்ஜும் நடத்திய நிறுவனம் நடுவில் ஒரு கட்டை வைத்து, சுற்றிலும் நான்கு ஓக் துண்டுகளைப் பூட்டிச் சேர்த்தது. எங்கள் கணிப்பில் இரண்டாவதே மேல். அது முழு மரம். காலின் அடியைப் பார்த்தால் எப்படிச் செய்தது என்று தெரியும். நான்கு பக்கமும் ஒரே அளவில் அசைவதால் வெடிப்பும் குறையும். முதலாவது, அந்த முகத்தில் இல்லாத கதிர்ப்பட்டையை இருப்பதாகக் காட்டுகிறது.

அளவுகள்

பெஞ்சின் மொத்த நீளம் 1100, உயரம் 440, அகலம் 330 மி.மீ. இழைத்து முடித்த பின் உறுப்புகளின் அளவு:

- மேல்பலகை: 1100 × 330 × 25, ஒன்று
- பக்கப் பலகை: 442 × 300 × 25, இரண்டு, ரேகை செங்குத்தாக. 442-இல் மேலே 27 மி.மீ. கழுந்துக்கு
- குறுக்குச் சட்டம்: 980 × 120 × 40, ஒன்று
- ஆப்பு: 160 × 26 × 9.7, இரண்டு, கூடுதலாக இரண்டு செய்து வையுங்கள்
- மேல்பலகைக் கழுந்துகளுக்கான சிற்றாப்பு: 50 × 22, தடித்த முனை 5, நான்கு

300 மி.மீ. அகலத்தில் ஆரவாட்டுப் பலகை கிடைப்பது அரிது. இரண்டு அல்லது மூன்று துண்டுகளைச் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. துண்டுகளை ஒட்டும் முன் கதிர்ப்பட்டைகள் ஒரே சாய்வில் ஓடும்படி மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். விளிம்புகளை நீள இழைப்புளியால் ஒருசேர இழைத்து, வெளிச்சத்தில் பிடித்தால் கீற்று தெரியாத அளவுக்குக் கொண்டுவந்த பிறகே பசை. பலகையைத் தடிமனுக்குக் கொண்டுவர இயந்திரம் பயன்படுத்தலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஸ்டிக்லியின் பட்டறையில் இயந்திரங்கள் ஓடின. கடும் உழைப்பை இயந்திரத்திடம் விடுவதில் குற்றமில்லை. இயந்திரத்தில் இழைத்த பலகைமேல் பிறகு வேண்டுமென்றே உளித்தடம் போட்டுக் கைவேலை என்று காட்டினால் அதுதான் பொய்.

பட்டறைக்கு வந்த பலகையை உடனே அறுக்காதீர்கள். நடுவே குச்சிகள் கொடுத்து அடுக்கி, பெஞ்ச் எந்தச் சூழலில் இருக்கப்போகிறதோ அதில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள்.

பக்கப் பலகை

ஒவ்வொரு பக்கப் பலகையின் கீழ் விளிம்பிலும் நடுவில் 200 மி.மீ. அகலம், 35 மி.மீ. உயரத்துக்கு ஒரு வில்வளைவு அறுக்க வேண்டும். அழகுக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருப்போம். 300 மி.மீ. நீளத்துக்கு முழுதாகத் தரையில் உட்காரும் பலகை, தரையில் சிறு மேடு இருந்தால் ஆடும். வளைவு வெட்டினால் இரண்டு பாதங்கள் மட்டும் பதியும். பாதத்தின் வெளி விளிம்புகளை 2 மி.மீ. சாய்த்துவிடுங்கள், இழுத்து நகர்த்தும்போது ரேகை பிளந்து சிலாம்பு கிளம்பாது.

குறுக்குச் சட்டத்தின் கழுந்து நுழையும் துளை 80 × 30. அதன் நடு தரையிலிருந்து 190 மி.மீ. உயரத்தில். இரண்டு முகங்களிலும் கத்தியால் கோடு கிழியுங்கள், பென்சில் போதாது. உள்ளே 20 மி.மீ. துரப்பணத்தால் கழிவை எடுத்துவிட்டு, மீதியை இரண்டு முகங்களிலிருந்தும் பாதிப்பாதியாக உளியால் வெட்டி நடுவில் சந்திக்க வையுங்கள். ஒரே பக்கமாக வெட்டினால் மறுபக்க விளிம்பு பிய்ந்து வரும். இந்த இணைப்பு நிரந்தரமாக வெளியே தெரியப்போவது என்பதால் அதை மறைக்க வழியில்லை.

துளையின் உயரத்தில் மேலே மட்டும் அரை மி.மீ.-க்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி விடுங்கள். பக்கப் பலகையில் ரேகை செங்குத்தாக ஓடுவதால் துளையின் 80 மி.மீ. ஏறக்குறைய மாறாது. கழுந்தின் 80 மி.மீ. அகலமோ ரேகைக்குக் குறுக்கே இருப்பது. ஈரக்காலத்தில் அது சுமார் 0.6 மி.மீ. உப்பும். இடம் இல்லாவிட்டால் பக்கப் பலகையைப் பிளக்கப் பார்க்கும். வறண்ட காலத்தில் செய்கிறீர்கள் என்றால் இந்த இடைவெளி கட்டாயம்.

குறுக்குச் சட்டமும் ஆப்புத் துளையும்

பெஞ்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான பெஞ்சுகள் பாழாவதும் இங்கேதான்.

980 மி.மீ. சட்டத்தில் தோளிலிருந்து (கழுந்து தொடங்கும் இடத்தில் சட்டம் தடித்து நிற்கும் படி) தோள் வரை 810. இரு பக்கமும் மிஞ்சுவது 85 மி.மீ. கழுந்து: 25 பலகைக்குள், 60 வெளியே. கழுந்தின் உயரம் 80, ஆகவே மேலும் கீழும் 20 மி.மீ. தோள். தடிமன் 30, ஆகவே பக்கங்களில் 5 மி.மீ. தோள். ஆப்புத் துளையின் அகலம் 10. துளைக்கு இருபுறமும் 10, 10 என்று மூன்றில் ஒரு பங்கு கணக்கு.

வரிசை முக்கியம். முதலில் மேல், கீழ்த் தோள்களை அறுத்துக் கழுந்தின் உயரத்தை 80-க்குக் கொண்டுவாருங்கள். பக்கக் கன்னங்களை, அதாவது கழுந்தின் இரு தட்டை முகங்களிலும் உள்ள கூடுதல் மரத்தை, இப்போது அறுக்காதீர்கள். சட்டம் 40 மி.மீ. தடிமனாக இருக்கும்போதே ஆப்புத் துளையை வெட்டினால், இருபுறமும் உள்ள கூடுதல் 5 மி.மீ. மரம் உளியின் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். முதலிலேயே கன்னத்தை எடுத்துவிட்டு வெட்டினால் 10 மி.மீ. சுவர் பிதுங்கும், சில நேரம் பிளக்கும்.

துளையை எங்கே போடுவது என்பதற்குத் தோள்கோட்டை ஆதாரமாக வையுங்கள். பலகையின் தடிமன் 25. ஆனால் துளையின் உட்சுவர் தோளிலிருந்து 22 மி.மீ.-இல் இருக்க வேண்டும், 25-இல் அல்ல. அதாவது துளை பலகையின் வெளிமுகத்தைத் தாண்டி 3 மி.மீ. உள்ளே புகுந்திருக்கும். இதில் தவறுபவர்கள் ஏராளம். உட்சுவர் சரியாக 25-இல் இருந்தால் ஆப்பு கழுந்தின் சுவரில் முட்டி நிற்கும். எவ்வளவு அடித்தாலும் பலகையைத் தொடாது, தோள் இறுகாது. அந்த 3 மி.மீ. வெறுமை இருந்தால்தான் ஆப்பின் முதுகு பலகையில் சாயும்.

வெளிச்சுவர் சாய்வானது. அடியில் தோளிலிருந்து 35 மி.மீ., மேலே 45 மி.மீ. 80 மி.மீ. உயரத்தில் 10 மி.மீ. சாய்வு, 8-க்கு 1. முதலில் 22-க்கும் 35-க்கும் நடுவே நேரான துளையைப் போட்டுவிடுங்கள்: மேலும் கீழும் கேஜால் 10 மி.மீ. கோடு கிழித்து, 9 மி.மீ. துரப்பணத்தால் இருபக்கமிருந்தும் துளைத்து, உளியால் சுவர்களைச் சீராக்குங்கள். பிறகு 8-க்கு 1 சாய்வில் அறுத்த ஒரு மரக்கட்டையைக் கழுந்தின்மேல் இறுக்கிப் பிடித்து, உளியின் முதுகை அதில் சாய்த்து வெளிச்சுவரை மேலிருந்து கீழாகச் சீவுங்கள். கட்டை உளியை வழிநடத்தும். கண் மதிப்பில் சீவினால் சுவர் நடுவில் புடைத்துவிடும். ஆப்பு அந்தப் புடைப்பில் மட்டும் தொட்டு, கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும்.

துளைக்கு அப்பால் மேலே 40 மி.மீ. மரம் மிஞ்சுகிறது. வெளியே நீட்டம் அதிகமாக இருக்கிறதே என்று இதைக் குறைக்கத் தோன்றும். குறைக்காதீர்கள். ஆப்பை அடிக்கும்போது இந்த மரத்தை ரேகையின் போக்கில் வெளியே தள்ளும் விசை வருகிறது; 25 மி.மீ.-க்குக் கீழே போனால் துளையின் அகலத்துக்கு ஒரு துண்டு அப்படியே பிய்ந்து வரும். இந்தப் பாணி மேசைகளில் கழுந்து தாராளமாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இந்த விசையால்தான்.

இப்போது கன்னங்களை அறுத்து, கழுந்து துளைக்குள் கை அழுத்தத்தில் நுழையும் வரை இழையுங்கள். கொட்டாப்புளி தேவைப்பட்டால் இறுக்கம் அதிகம். இங்கே பசை கிடையாது. கழுந்து நுனியின் விளிம்புகளை 3 மி.மீ. சாய்த்து முடியுங்கள்.

ஆப்பு

நேரான ரேகை உள்ள ஓக். ரேகை ஆப்பின் நீளவாட்டில் முழுதாக ஓட வேண்டும். முடிந்தால் அறுக்காமல் பிளந்து எடுத்த துண்டு. 160 மி.மீ. நீளத்தில் தடித்த முனை 26, மெல்லிய முனை 6: இதுவும் 8-க்கு 1. ஒரு விளிம்பு நேர், அது பலகைமேல் படும். மறு விளிம்பு சாய்வு, அது வெளிச்சுவரில் படும். தடிமனை 9.7 மி.மீ. ஆக்குங்கள். 10 மி.மீ. துளையில் ஆப்பு பக்கவாட்டில் இறுகக்கூடாது. இறுகினால் கழுந்தைப் பிளக்கும் ஆப்பாக மாறிவிடும்.

துளைக்குள் கையால் விட்டுப் பார்த்து, வெளியே எடுத்து, எங்கே பளபளப்பு ஏறியிருக்கிறதோ அங்கே மட்டும் ஒரு சீவல் எடுங்கள். முழு உயரத்திலும் படும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். சரியாகப் பொருந்திய ஆப்பை இரண்டு மூன்று லேசான தட்டில் உட்கார வைத்தால் ஓசை மாறும்: மொத்தென்று கேட்டது ‘டக்’கென்று ஆகும். அதற்குமேல் அடிக்க வேண்டாம். சாய்வு 6-க்கு 1-ஐவிடக் கூடினால் ஆப்பு தானாகப் பின்வாங்கக்கூடும். 12-க்கு 1 போலக் குறைந்தால் இறுகுவதற்குள் பாதி நீளம் கீழே இறங்கிவிடும். பொருந்திய பின் மேலே 30, கீழே 30 மி.மீ. மிஞ்சும்படி வெட்டுங்கள். கீழ் முனை இல்லாமல் மேலோடு வெட்டிவிட்டால், கழற்ற வேண்டிய நாளில் அடியிலிருந்து தட்ட ஒன்றும் இருக்காது.

மேல்பலகை

பக்கப் பலகையின் மேல்முனையில் 50 மி.மீ. அகலத்தில் இரண்டு கழுந்துகள், ஒவ்வொன்றும் விளிம்பிலிருந்து 40 மி.மீ. உள்ளே. முழுத் தடிமனும் 25. உயரம் 27, முடிவில் 2 மி.மீ. இழைத்துச் சமமாக்க.

துளைகளை அளந்து போடாதீர்கள். அடிப்பகுதியை ஆப்போடு பூட்டி, மேல்பலகையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் அடிப்பகுதியைத் தலைகீழாக நிறுத்தி, கழுந்துகளைச் சுற்றிக் கத்தியால் கோடு கிழியுங்கள். பிறகு கோட்டை மூலைமட்டத்தால் மேல்முகத்துக்குக் கொண்டுபோய் இருபக்கமும் வெட்டுங்கள். துளையின் மேல்வாயை மட்டும் பலகையின் நீளவாட்டில் பக்கத்துக்கு 1 மி.மீ. அகலப்படுத்துங்கள். சிற்றாப்பு கழுந்தை விரிக்கும்போது அது இந்த அகலத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

சிற்றாப்பு போகும் வெட்டுக்கோடு மேல்பலகையின் ரேகைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். அப்போது விரியும் விசை ரேகையின் நீளத்தில் போகும், பலகை தாங்கும். திசையை மாற்றிப் போட்டால் மேல்பலகை நீளத்துக்கும் பிளந்துவிடும். கழுந்தின் நடுவில் 18 மி.மீ. ஆழத்துக்கு வாள்வெட்டு, அதன் அடியில் 3 மி.மீ. துளை ஒன்று இருந்தால் பிளவு கீழே ஓடாது.

மேல்பலகையும் பக்கப் பலகையும் அகலத்தில் ஒரே திசையில் அசைவதால் இந்த இணைப்பைப் பசையிட்டுப் பூட்டலாம். பக்கப் பலகையின் உள்முகத்தில் குறுக்கே ஒரு சட்டம் வைத்துத் திருகாணி போட்டு மேல்பலகையைப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அதில் சட்டத்தின் ரேகை குறுக்கே ஓடுவதால், பலகை சுருங்கும்போது திருகாணி தடுக்கும், சில பருவங்களில் பலகை வெடிக்கும். அப்படித்தான் செய்வீர்கள் என்றால் நடுத் திருகாணி தவிர மற்றவற்றுக்கு நீள்துளை போட்டு, பித்தளைத் திருகாணி பயன்படுத்துங்கள். ஓக்கின் டானின் இரும்பைத் தின்னும். சுற்றிலும் நீலக்கறுப்புக் கறை பரவும்.

அமெரிக்காவின் பாசடீனாவில், கட்டடக் கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் 1908-இல் வடிவமைத்த கேம்பிள் வீட்டில் கருங்காலிச் சதுரங்கள் எங்கும் துருத்திக்கொண்டிருக்கும். பலவற்றின் அடியில் திருகாணி இருக்கிறது. அது நேர்மையா என்று கேட்டால், ஆம் என்போம். இங்கே ஒரு பிணைப்பு இருக்கிறது என்று அந்தச் சதுரம் சொல்கிறது, உண்மையிலேயே இருக்கிறது. ஒன்றும் இல்லாத இடத்தில் வைத்தால்தான் தவறு.

நான்கு கழுந்துகளுக்கும் பசை தடவி, குறுக்குச் சட்டம் இடத்தில் இருக்கும்போதே மேல்பலகையை இறக்கி, சிற்றாப்புகளை மாறி மாறி அடியுங்கள். பசை காய்ந்ததும் வாளால் அறுத்து, இழைப்புளியால் பலகையோடு சமமாக்குங்கள். மேசைக் காலில் கழுந்து துருத்தலாம். ஆள் உட்காரும் இடத்தில் துருத்தினால் உறுத்தும்.

முகத்தை முடித்தல்

கதிர்ப்பட்டைகள் சுற்றியுள்ள மரத்தைவிடக் கெட்டி. மழுங்கிய இழைப்புளி அவற்றைச் சீவாமல் பெயர்த்துவிடும், தடவினால் சொரசொரக்கும். நன்கு தீட்டிய இழைப்புளியை மெல்லிய சீவலுக்கு வைத்து இழைத்த பிறகு, சுரண்டித் தகட்டால் முடியுங்கள். உப்புத்தாள் போட்டால் 180-உடன் நிறுத்துங்கள். இரும்புக் கம்பளியைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அதன் துகள் துளைகளில் தங்கி, ஈரம் பட்ட இடமெல்லாம் கறுக்கும். கறை ஏறிவிட்டால் ஆக்சாலிக் அமிலக் கரைசலால் போக்கலாம். ஆனால் அதை ஆவி காட்டும் முன்பே செய்து, தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

பசை வழிந்த இடம் எல்லாவற்றையும் சாய்வெளிச்சத்தில் தேடிச் சுரண்டுங்கள். பசைப் படலம் இருக்கும் இடத்தில் ஆவி நுழையாது, வெளிறிய திட்டாக நிற்கும்.

அம்மோனியா ஆவி

சாயம் மரத்தின்மேல் உட்காரும் நிறம். ஆவியோ மரத்துக்குள் இருக்கும் டானினோடு வினைபுரிந்து மரத்தையே பழுப்பாக்குகிறது. சாயத்தை உறிஞ்சுவதில் கெட்டியான கதிர்ப்பட்டையும் மென்மையான பகுதியும் வேறுபடும், முகம் திட்டுத்திட்டாகும். ஆவியில் அந்த வேறுபாடு குறைந்து பட்டைகளின் மினுக்கம் அப்படியே நிற்கும். கஸ்டாவ் ஸ்டிக்லி இந்த முறையை வலியுறுத்தியதற்கு இந்த இரண்டும் போதுமான காரணம். நிறம் 1, 2 மி.மீ. ஆழம்தான் போகும், அதனால் எல்லா இழைப்பும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை, ஒவ்வொரு பலகையிலிருந்தும் ஒன்றாக, மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் இரண்டு கரண்டி அம்மோனியாவோடு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். எந்தப் பலகை எப்படிக் கறுக்கும் என்று தெரிந்துவிடும். ஒன்று மட்டும் மிக வெளிறினால், அந்தப் பலகைக்கு டானிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துப் பூசி உலர்த்தலாம். மரத்தில் இயல்பாக உள்ளதைத்தான் கூட்டுகிறோம் என்பதால் இது எங்களுக்கு உறுத்தவில்லை. ஆனாலும் நல்ல பலகையைத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஈடாகாது.

பெஞ்சைவிடச் சற்றுப் பெரிய மரச்சட்டக் கூடாரம் ஒன்றை, சுமார் 1.3 × 0.6 × 0.7 மீட்டரில், திறந்த வெளியில் அமைத்து, கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக்கால் மூடுங்கள். பெஞ்சின் பாதங்களுக்கு அடியில் சிறு குச்சிகள் கொடுங்கள். தரையோடு ஒட்டிய இடம் நிறம் ஏறாது. ஆப்புகளைக் கழற்றித் தனியே வையுங்கள். 26 முதல் 28 சதவீத அம்மோனியா அரை லிட்டர், இரண்டு அகலத் தட்டுகளில் போதும். 24 மணி நேரத்தில் நடுப்பழுப்பு, 48 மணி நேரத்தில் கரும்பழுப்பு. வெயிலின் சூட்டில் வேகம் கூடும். வீட்டு உபயோகத்துக்கான 5 முதல் 10 சதவீத அம்மோனியாவும் வேலை செய்யும், நான்கைந்து நாள் பொறுக்க வேண்டும். பக்கத்தில் செம்பு, பித்தளை எதுவும் இருக்கக்கூடாது. அம்மோனியா அவற்றை அரிக்கும். கைப்பிடி, கீல் உள்ள அலமாரி செய்பவர்கள் அவற்றைக் கடைசியில் பூட்டுங்கள்.

கெட்டி அம்மோனியா கண்ணைக் குருடாக்கக்கூடியது. காற்றுப் புகாத கண்ணாடி, அம்மோனியாவுக்கென்ற வடிகட்டி உள்ள முகமூடி, ரப்பர் கையுறை இல்லாமல் பாட்டிலைத் திறக்க வேண்டாம். அறைக்குள் செய்யவே கூடாது. ப்ளீச்சோடு கலக்கக்கூடாது. எல்லாம் தயாரான பின் கடைசியாக ஊற்றி மூடுங்கள். திறக்கும்போது காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நின்று, ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு விலகிப் போய், கால் மணி நேரம் கழித்து வாருங்கள். தட்டில் மிஞ்சியதை நிறையத் தண்ணீரில் கலந்து நீர்க்கச் செய்யுங்கள்.

வெளியே எடுத்த மரம் சாம்பல் கலந்த பழுப்பாக, உயிரில்லாமல் தெரியும். பலர் இங்கே பயந்து சாயம் தேடுகிறார்கள். ஈரத்துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் பட்டால் வரப்போகும் நிறம் அதுதான். வாசனை போக மூன்று நான்கு நாள் காற்றில் விடுங்கள்.

பூச்சு

ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, சில நாள் உலர விடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடக்கூடாது: அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள். அடுத்து அரக்கு: லிட்டர் ஆல்கஹாலுக்கு 120 கிராம் என்ற நீர்த்த கலவையில் இரண்டு கை. ஆரஞ்சு அரக்கு என்றால் சாம்பல் தன்மையைக் கொஞ்சம் இளஞ்சூடான பழுப்பாக்கும். கடைசியில் கருமெழுகு. வெள்ளை மெழுகு ஓக்கின் துளைகளில் காய்ந்து வெண்புள்ளிகளாக நிற்கும். தடித்த வார்னிஷ் வேண்டாம். மரத்துக்கும் கைக்கும் நடுவே அது ஒரு பிளாஸ்டிக் தகடாகிவிடும், கீறினால் திருத்துவதும் கடினம். மெழுகு தேய்ந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி போடலாம்.

ஆப்புகளுக்கு மெழுகு பூச வேண்டாம், வழுக்கித் தளரும். எண்ணெய் மட்டும் காட்டி உள்ளே தட்டுங்கள். முதல் வறண்ட பருவத்தில் பக்கப் பலகை தடிமனில் சற்றுச் சுருங்கும், பெஞ்ச் லேசாக ஆடத் தொடங்கும். கொட்டாப்புளியால் ஆப்புக்கொரு தட்டு போதும். ஈரக்காலம் வரும்போது அதே ஆப்பை அடியிலிருந்து ஒரு மயிரிழை தளர்த்திவிடுங்கள். ஆண்டுகள் கழித்து ஆப்பு முழுதாகக் கீழே இறங்கி, தடித்த முனை கழுந்தைத் தொட்டுவிட்டால், சாய்வை மாற்றாமல் அகலத்தை மட்டும் 2 மி.மீ. கூட்டிப் புதிதாக ஒன்று செய்து போடுங்கள்.